மொழிபெயர்ந்த கலம்: ஈசூக்யோங்கின் பீங்கான் ஓடுகளும் மூலம் பற்றிய வினாவும்

மொழிபெயர்ப்பு என்னும் சொல் இன்று மொழித்துறைக்கு வெளியேயும் தாராளமாக வழங்குகிறது. கவிதையை நடனமாக மொழிபெயர்த்தல், நகரத்தை ஓவியமாக மொழிபெயர்த்தல் எனக் கலைத்திறனாய்வாளர்கள் பலவாறு எழுதுகின்றனர். அவ்வாறு எழுதுமிடத்து அச்சொல் பெரும்பாலும் ‘மாற்றம்’ என்னும் பொதுப்பொருளில் கரைந்துவிடுகிறது. மூலம் எது, அதனைப் பெயர்ப்பவர் அதற்கு எவ்வகையில் கடப்பாடு உடையவர் என்னும் வினாக்கள் அங்கு எழுவதேயில்லை. ஆகவே ஒரு கலைஞர் தம் பீங்கான் படைப்புகளுக்கு ‘மொழிபெயர்க்கப்பட்டவை’ என்று பெயரிடும்போது, மொழிபெயர்ப்பை வகுப்பறையில் பாடமாகக் கற்பிப்போர் அதனைச் சற்று ஐயத்துடனேயே அணுகுவர். தென்கொரியக் கலைஞர் ஈசூக்யோங் (பிறப்பு 1963) 2002ஆம் ஆண்டு முதல் உருவாக்கிவரும் படைப்பு வரிசை இத்தகைய ஐயத்தின் முன் நிலைத்து நிற்குமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈ என்பது குடும்பப்பெயர். சூக்யோங் என்பது இடுபெயர். இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக உரோமன் எழுத்தில் எழுதுவது இவர் வழக்கம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவர். குயவர் மரபில் வந்தவருமல்லர். சக்கரத்தில் அமர்ந்து கலம் வனைந்து புகழ்பெற்றவருமல்லர். பிறர் வனைந்து, பிறர் சுட்டு, பிறர் உடைத்தெறிந்த பீங்கான் ஓடுகளைச் சேகரித்து, அவற்றை எப்பாக்சிப் பசையால் இணைத்து, இணைப்புக் கோடுகளின்மேல் 24 காரட் தங்கரேக்கு ஒட்டுகிறார். அவ்வளவே இவர் செய்முறை. பெற்ற வடிவங்களோ எளியவை அல்ல. ஒரு வெண்பீங்கான் தோளின்மீது மற்றொரு கலத்தின் வயிறு பொங்கி எழும். அதன் பக்கவாட்டில் மூன்றாவதொன்றின் கழுத்து பிதுங்கி நிற்கும். கொதிக்கும் பாலின் நுரைபோல வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று திரள்கின்றன. பச்சை மெருகேறிய ஓட்டில் பறக்கும் நாரையின் சிறகு, தங்கக் கோட்டைத் தாண்டியதும் வேறொரு கலத்து மேகமாகிவிடுகிறது. ஆக, இவை கலத்தின் உறுப்புகளால் ஆனவை. எனினும் நீரோ நெல்லோ எதனையும் ஏந்தும் பயன் இவற்றுக்கு இல்லை.

பெயரின் பெயர்ச்சி

வரிசையின் தலைப்பே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலை உள்ளடக்கியுள்ளது. கொரிய மொழித் தலைப்பில் உள்ள ‘தோஜாகி’ என்னும் சொல் மட்கலத்தையும் பீங்கானையும் ஒருசேரச் சுட்டும் பொதுப்பெயர். ஆங்கிலத் தலைப்போ பூச்சாடியைக் குறிக்கும் ‘வேஸ்’ என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. அரிசி வைக்கும் சாடி, மது ஊற்றும் குடுவை, சடங்கில் வைக்கும் தாழி ஆகிய அனைத்தும் இதனால் வரவேற்பறை அலங்காரப் பொருளாகச் சுருங்கிவிட்டன. தமிழில் இதனைக் ‘கலம்’ என்று பெயர்ப்பதே பொருத்தம் எனக் கருதுகிறோம். கலம் என்னும் சொல் உண்கலத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும், அணிகலத்தையும் குறிக்கும். ஏந்துவது, இடம்பெயர்வது, அணிசெய்வது ஆகிய மூன்றும் இப்படைப்புகளில் பிணங்கிக் கிடப்பதால், ஆங்கிலத் தலைப்பு தவறவிட்டதைத் தமிழ் ஓரளவு மீட்டுத் தருகிறது.

ஆயினும் தமிழ் தவறவிடுவதும் ஒன்றுண்டு. கொரிய மொழியில் ‘கும்’ என்னும் ஒலிவடிவம் பொன்னையும் குறிக்கும், விரிசலையும் குறிக்கும். விரிசலின்மேல் பொன்னை ஒட்டும் செயல் அம்மொழியில் ஒரு சிலேடை. கொரிய மொழி அறிந்தவர்க்கு அப்படைப்பு ஒரு சொல்விளையாட்டாகத் தொடங்கிக் காட்சியாக விரிகிறது. அறியாதவர்க்குக் காட்சி மட்டுமே எஞ்சுகிறது. சிலேடை மொழிபெயர்ப்புக்கு அடங்காது என்று நாம் மாணவர்க்குச் சொல்லிவரும் பாடத்தை, ‘மொழிபெயர்க்கப்பட்டவை’ என்று தலைப்பிட்ட படைப்பே மெய்ப்பித்துக் காட்டுவது வியப்பிற்குரியது.

அல்பிசோலாவில் ஒரு கவிதை

இவ்வரிசையின் தொடக்கம் பலராலும் இச்சொன் நகரத்துச் சூளைகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. உண்மையில் அதற்கு ஓராண்டு முன்பே, 2001இல், இத்தாலி நாட்டில் அது தொடங்கிவிட்டது. அல்பிசோலா என்பது லிகூரியக் கடற்கரையில் அமைந்த மட்கலைச் சிற்றூர். இருபதாம் நூற்றாண்டில் லூசியோ ஃபொன்டானா, ஆஸ்கர் யோர்ன் முதலிய கலைஞர்கள் அங்குத் தங்கிக் களிமண்ணில் பணியாற்றியுள்ளனர். அவ்வூரில் நடைபெற்ற சமகால மட்கலை ஈராண்டு விழாவுக்கு ஈசூக்யோங் அழைக்கப்பட்டார். அவர் அங்குக் கொரியக் கலம் எதனையும் கொண்டுசென்று காட்சிக்கு வைக்கவில்லை. கிம் சாங்-ஓக் (1920–2004) ஜோசொன் காலத்து வெண்பீங்கானைப் போற்றிச் சிஜோ வடிவில் இயற்றிய கவிதையை இத்தாலிய மொழியில் பெயர்த்து, அவ்வூர் மட்கலைஞர் ஒருவரிடம் அளித்தார். அக்கவிதையைப் படித்து, தம் கற்பனையில் தோன்றியவாறு அக்கலைஞர் 12 கலங்களைச் செய்தார்.

சிஜோ என்பது மூன்றடியில் அமையும் கொரிய மரபுக்கவிதை வடிவம். ஒவ்வோர் அடியும் நான்கு சீர்ப்பகுப்புகளாக நிற்கும்; மூன்றாம் அடியின் தொடக்கத்தில் கருத்துத் திரும்பும். கிம் சாங்-ஓக்கின் கவிதை கொரியப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது. ஆதலின் ஜோசொன் வெண்பீங்கானை அருங்காட்சியகத்தில் காண்பதற்கு முன்னரே கவிதையில் ‘கண்ட’ தலைமுறையினர் கொரியாவில் உண்டு. கலைஞரும் அத்தலைமுறையைச் சார்ந்தவரே. இங்கு நிகழ்ந்த பெயர்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கலம் இருபதாம் நூற்றாண்டில் கவிதையாயிற்று. கொரியக் கவிதை இத்தாலியக் கவிதையாயிற்று. அக்கவிதை மீண்டும் கலமாயிற்று. மண்ணில் தொடங்கி மண்ணிலேயே முடிந்த இந்தச் சுற்றில், இடைப்பட்ட இரண்டு நிலைகளும் சொற்களே. விளைந்த 12 கலங்களும் ஜோசொன் கலத்தின் நகல்களாக அமையவில்லை. அமைய வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை.

பின்னர் வந்த பொன் ஒட்டிய படைப்புகளே உலகப்புகழ் பெற்றன என்றாலும், மொழிபெயர்ப்பு என்னும் சொல்லுக்கு முழு உரிமை உடையது இந்த அல்பிசோலாப் படைப்பே என்பது எம் கருத்து. இங்கு ஒரு மூலம் உண்டு. அதனைப் படித்துப் பொருள்கொண்ட ஒருவர் உண்டு. தவறாகப் பொருள்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. தவறு நேரக்கூடிய இடத்தில்தான் மொழிபெயர்ப்பு என்னும் பேச்சுக்கே இடமுண்டு.

நகலெடுப்போர் சூளையில்

இத்தாலியிலிருந்து திரும்பியபின், 2002இல் கலைஞர் இச்சொன் பகுதியில் மரபுப் பீங்கான் செய்வோரை அணுகினார். சியோலுக்குத் தென்கிழக்கே உள்ள இந்நகரம், அண்டை ஊர்களான யொஜு, குவாங்ஜு ஆகியவற்றோடு சேர்ந்து கொரிய மட்கலையின் நடுவிடமாக விளங்குகிறது. 2010இல் கைவினை, நாட்டார்கலைப் பிரிவில் யுனெஸ்கோ படைப்பாக்க நகராகவும் இச்சொன் ஏற்கப்பட்டது. இங்குள்ள பட்டறைகளில் பலவும் முன்னைக் காலத்துக் கலங்களை அவ்வாறே மீண்டும் செய்வதில் தேர்ந்தவை.

அவ்வாறு மீளச் செய்யப்படுவன எவை என்பதைச் சுருக்கமாகக் கூறுதல் தகும். கொரியோ அரசகாலத்தில் (918–1392) செலடன் எனப்படும் பச்சைமெருகுக் கலங்கள் செழித்தன. களிமண்ணிலும் மெருகிலும் உள்ள சிற்றளவு இரும்பு, காற்றோட்டம் குறைக்கப்பட்ட சூளையில் வெந்து அப்பச்சையைத் தருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஈரக்களிமண்ணில் உருவங்களைக் கீறி, அக்கீறல்களில் வெள்ளை, கருப்பு மண்ணைப் பதிக்கும் முறை உச்சம் பெற்றது; மேகங்களிடையே பறக்கும் நாரைகள் அம்முறையில் அமைந்தவை. ஜோசொன் காலத்தின் (1392–1910) முதலிரு நூற்றாண்டுகளில் வெண்களிக் குழம்பு பூசிய புன்சொங் கலங்கள் வழங்கின. 1592 முதல் 1598 வரை நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்புகள் சூளைகளை அழித்தன. குயவர் பலர் சிறைப்பிடிக்கப்பட்டுக் கடல் கடத்திச் செல்லப்பட்டனர். கியூஷூத் தீவின் அரிதாப் பீங்கான் தொழில் அவர்களிலிருந்தே தொடங்குகிறது. அதன்பின் கொரியாவில் வெண்பீங்கானே முதலிடம் பெற்றது. அதன் உச்சமாகக் கருதப்படும் ‘நிலாச்சாடி’ பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டது. அத்துணைப் பெரிய உருண்டையை ஒரே மூச்சில் வனைந்தால் ஈரமண் சரிந்துவிடும். ஆகவே இரண்டு அரைக்கோளங்களைத் தனித்தனியே வனைந்து இடையில் ஒட்டினர். அவ்விணைப்பு நடுவயிற்றில் மெல்லிய கோணலாகத் தெரியும். கொரியர் தம் அழகுணர்வின் உருவமாகப் போற்றும் கலமே இரண்டு துண்டுகளை ஒட்டியது என்பதை, ஈசூக்யோங்கைப் பற்றி எழுதுவோர் ஏனோ அழுத்திக் கூறுவதில்லை.

இச்சொன் பட்டறைகளில் கலைஞர் கண்டது ஓர் அன்றாட நிகழ்ச்சியே. சூளையைத் திறந்து கலங்களை வெளியே எடுத்த ஆசான், குறை தென்பட்டவற்றைச் சுத்தியலால் உடைத்தார். மெருகில் ஒரு புள்ளி, வடிவில் ஒரு கோணல், நிறத்தில் ஒரு மங்கல் போதும். குறையுடைய கலம் வெளியே சென்றால் ஆசானின் பெயர் கெடும். உடைந்த குவியலிலிருந்து ஓடுகளைப் பெற்று வந்து கலைஞர் இணைக்கத் தொடங்கினார்.

இவ்விடத்தில் தமிழ் இலக்கணச் சிந்தனை ஒன்று நினைவிற்கு வருகிறது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலின் நால்வகையுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை வைக்கிறது. முதல்வனிடத்துச் சிதைவு இல்லை. வழிவந்த நூலிலேயே சிதைவு நேரும் என்பது அவ்வியலின் கொள்கை. சிதைவு என்னும் சொல்லை நூற்குற்றத்திற்கு ஆண்டிருப்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். இப்பாகுபாட்டை இச்சொன் பட்டறைக்குப் பொருத்திப் பார்த்தால், கொரியோ, ஜோசொன் கலங்கள் முதல்நூல். ஆசான் செய்பவை வழிநூல். சிதைவுடைய வழிநூலை அவர் தாமே அழிக்கிறார். அவ்வாறாயின் ஈசூக்யோங் பெயர்ப்பது முதல்நூலை அன்று. நிராகரிக்கப்பட்ட வழிநூலையே பெயர்க்கிறார். மூலத்திலிருந்து இரண்டு படிகள் விலகிய இடத்தில் நின்று அவர் பணி தொடங்குகிறது.

ஆயினும் இந்த அடைவில் ஒரு முரண் உண்டு. ஜோசொன் கலங்கள் சிதைவற்றவையாக இருந்தன அல்ல. நிலாச்சாடிகள் கோணலானவை, பல மெருகில் கறை படிந்தவை. அக்கோணலையே இன்றைய அறிஞரும் சுவைஞரும் போற்றுகின்றனர். முன்னோர் பிழையை அழகு என்று கொண்டாடும் மரபு, அதே பிழை வழித்தோன்றலின் கையில் நேர்ந்தால் சுத்தியலை எடுக்கிறது. மூலத்திற்குப் பிழை செய்யும் உரிமை உண்டு, நகலுக்கு இல்லை என்னும் இந்நிலை மட்கலைக்கு மட்டும் உரியதன்று. பழைய இலக்கியத்தில் வழுவமைதி என்று விளக்கம் தரும் நாம், மாணவன் எழுத்தில் அதனை வழு என்று அடிக்கோடிடுகிறோம் அல்லவா? ஈசூக்யோங்கின் படைப்புகள் எழுப்பும் கூர்மையான வினா இதுவே எனலாம். முழுமை என்னும் அளவுகோல் மூலத்திலிருந்து வந்ததன்று; மூலத்தைக் காவல்செய்வோரிடமிருந்து வந்தது.

ஒட்டுதலின் வகைகள்

1921இல் எழுதி 1923இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பாளர் பணி பற்றிய தம் கட்டுரையில், ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் உடைந்த கலத்தை உவமையாக்கினார். ஒரு கலத்தின் துண்டுகளை ஒட்டுவதாயின், அவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டுவதில்லை. மிகச்சிறு விளிம்பும் பொருந்தியிருத்தல் வேண்டும். அவ்வாறே மூலமும் மொழிபெயர்ப்பும் தம்மைவிடப் பெரியதொரு மொழியின் துண்டுகளாக அடையாளப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. ஈசூக்யோங்கின் படைப்பை இவ்வுவமையின் செயல்வடிவம் என்று கூறத் தோன்றும். அது மேலோட்டமான ஒப்புமையே. பெஞ்சமினின் உவமையில் துண்டுகள் அனைத்தும் ஒரே கலத்தைச் சார்ந்தவை. இங்கோ அவை ஒருபோதும் ஒரே கலமாக இருந்ததில்லை. விளிம்புகள் தற்செயலாகப் பொருந்தும் இடங்களில் பொருந்துகின்றன. பொருந்தாத இடங்களை எப்பாக்சி நிரப்புகிறது. முன்பு இருந்த முழுமைக்குத் திரும்பும் வழி இங்கு இல்லை. எனவே இது பெஞ்சமினுக்கு விளக்கம் ஆகாது, மறுப்பாகவே அமைகிறது.

இதனைத் தெளிவாகக் காண மற்றொரு கலத்தின் வரலாறு உதவும். எழுத்தாளர் ஷிகா நவோயா ஜப்பானின் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலைச் சார்ந்த துறவி ஒருவருக்கு அளித்த கொரிய நிலாச்சாடி ஒன்று அங்கு இருந்தது. 1995இல் அதனைத் திருட வந்தவன் துரத்தப்பட்டபோது தரையில் ஓங்கி எறிந்தான். கலம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகவும் தூளாகவும் சிதறியது. ஒசாகாவின் கீழைநாட்டு மட்கல அருங்காட்சியகம் அத்துண்டுகளையும் தூளையும் பெற்று, உடைந்த சுவடே எளிதில் புலப்படாதவாறு கலத்தை மீட்டெடுத்தது. இன்று அதனைக் காண்போர், சொன்னாலன்றி உடைந்தது என்று அறியார். லாரன்ஸ் வெனூட்டியின் ‘மொழிபெயர்ப்பாளரின் புலப்படாமை’ என்னும் பொருள்தரும் தலைப்பிலான நூல் வெளிவந்ததும் அதே 1995ஆம் ஆண்டு என்பது தற்செயல் ஒற்றுமையே. எனினும் ஒசாகாக் கலத்தை அந்நூலுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் காட்டலாம். கைத்திறன் மிகுந்தோறும் கை மறைகிறது.

ஜப்பானியரின் ‘கின்ட்சுகி’ முறை இதற்கு மாறானது. அரக்குப்பாலால் ஒட்டிப் பொன்தூளைத் தூவுவதால் உடைவு வெளிப்படையாக நிற்கிறது, ஆனால் கலம் மீண்டும் அதே கலமாகிறது, தேநீர் ஊற்றலாம். ஈசூக்யோங்கின் படைப்பைக் கின்ட்சுகியின் கொரிய வடிவம் என எழுதுவோர் பலர். கலம் அதே கலமாகவில்லை என்பதை அவர்கள் கருதுவதில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. கின்ட்சுகியில் அரக்கும் பொன்னும் ஒன்றோடொன்று கலந்து இறுகுகின்றன. இங்கோ துண்டுகளைத் தாங்குவது எப்பாக்சி. பொன் அதன்மேல் போர்த்திய மெல்லிய தோல். ஒட்டுவது ஒன்று; ஒளிர்வது வேறொன்று. பார்வையாளர் கண்ணைப் பொன்னே கவர்ந்துகொள்கிறது. இப்படைப்புகளின் வலிமை குறைவுபடுவது இங்குத்தான் என்று கருதுகிறோம். ஒருமுறை கண்டால் பொன்கோடு வியப்பூட்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படைப்புதோறும் காணும்போது அது வணிக முத்திரைபோல் ஆகிவிடுகிறது.

இப்பொன்கோட்டினால் விளைந்த மற்றொரு தீங்கு, ‘ஆறிய புண்’ என்னும் வாசிப்பு. கொரியாவின் துயர வரலாறு உடைந்த ஓடு; கலை அதற்குப் பொன்மருந்து என்று கூறும் கண்காட்சிக் குறிப்புகள் மிகுதி. கொரியக் கலையைத் துயரத்தோடு சேர்த்து வாசிக்கும் இப்பழக்கத்திற்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் (1910–1945) யநாகி முனெயோஷி (1889–1961) கொரியக் கைவினைப் பொருள்களை ஆழ்ந்த பற்றுடன் சேகரித்து, 1924இல் சியோலின் கியொங்பொக்குங் அரண்மனை வளாகத்தில் கொரிய நாட்டார்கலை அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தார். அவர் தொண்டு மறுக்கவியலாதது. ஆனால் வெண்பீங்கானின் வெண்மையையும் அதன் வளைகோடுகளையும் அவர் ஓர் இனத்தின் துயரத்தின் அழகு என்று விளக்கினார். ஆளப்படுவோரின் கலையில் ஆள்வோர் நாட்டு அறிஞர் துயரத்தை மட்டும் காண்பது அன்பின் வழியே நிகழ்ந்தாலும் பிழையே எனப் பின்வந்த கொரிய ஆய்வாளர்கள் வன்மையாக மறுத்தனர். ஈசூக்யோங்கின் கலங்களைப் புண் என்றும் மருந்து என்றும் வாசிப்போர், அறியாமலேயே அப்பழைய விளக்கத்திற்குத் திரும்புகின்றனர். உண்மையில் இக்கலங்களில் எதுவும் ஆறவில்லை. ஆறிய புண் வீங்குவதில்லை. இவையோ வீங்கிக்கொண்டே செல்கின்றன. பார்ப்போர்க்கு முதலில் தோன்றும் உணர்வும் துயரமன்று. சிரிப்பு கலந்த ஒருவகைக் கூச்சம் என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

எவர் பெயர்?

இப்படைப்புகளின் விவரச்சீட்டில் கலைஞர் பெயரும் ஆண்டும் குறியெண்ணும் இருக்கும். அடுத்த வரியில் பொருள்கள் குறிக்கப்படும்: பீங்கான் ஓடுகள், எப்பாக்சி, 24 காரட் தங்கரேக்கு. அவ்வோடுகளை வனைந்தவர் எவர் என்பது அதில் இராது. வாழ்ந்துகொண்டிருக்கும் ஓர் ஆசான், பல்லாண்டுப் பயிற்சியால் பெற்ற கையால் வனைந்த ஒன்று, இங்கு மூலப்பொருளாகிவிடுகிறது.

மொழிபெயர்ப்புலகில் நாம் அறிந்த குறை இதற்கு நேர்மாறானது. மூல ஆசிரியர் பெயர் அட்டையில் பெரிதாக நிற்கும். மொழிபெயர்ப்பாளர் பெயர் உள்ளே சிறிய எழுத்தில் ஒதுங்கும், சில வேளைகளில் அதுவும் இராது. அக்குறைக்காக வாதாடிவரும் நமக்கு, பெயர்ப்பவர் பெயர் மட்டும் நின்று மூலவர் பெயர் மறைவதைக் கண்டும் காணாமல் இருத்தல் முறையாகாது. பெயர்த்தல் என்பது இடம் மாற்றுதல். பெயரையே நீக்கிவிடுதல் அன்று.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலத்தை உடைத்தவர் ஆசானே. இது என்னுடையது அன்று என்று சுத்தியலால் அறிவித்தவரின் பெயரை அவ்வோட்டின்மீது மீண்டும் எழுதுவது அவர் விருப்பத்தை மீறுவதாகும். மேலும், ஜோசொன் அரசச் சூளைகளில் உழைத்த குயவர் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டோர். தம் கலத்தில் பெயர் பொறிக்காதவர்கள். நிலாச்சாடிகளை வனைந்தவர் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. கியோத்தோவின் தைதொக்குஜி கோயில் வளாகத்தில் காக்கப்படும் ‘கிஸாயெமொன்’ தேநீர்க் கிண்ணம் ஜப்பானின் தேசியக் கருவூலங்களுள் ஒன்று. அது கொரியாவில் வனையப்பட்டது. அதற்கு வழங்கும் பெயரோ அதனை உடைமையாக வைத்திருந்த ஜப்பானிய வணிகரின் பெயர். வனைந்தவர் பெயர் மறைந்து, வைத்திருந்தவர் பெயர் நிலைப்பது கொரியக் கலங்களுக்கு நெடுங்காலமாக நேர்ந்துவருவது.

இவ்விரு பக்கங்களையும் எடைபோட்டால், ஈசூக்யோங் ஆசான்மாரின் பெயரைத் தனித்தனி ஓட்டிற்கு அளிக்காதது குற்றமாகாது. ஆனால் ‘மொழிபெயர்ப்பு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டவர் அதன் கடனையும் ஏற்றல் வேண்டும். எந்த ஊர்ச் சூளை, எக்காலத்துக் கலத்தின் நகல் என்னும் அளவிலேனும் விவரச்சீட்டு பேசியிருக்கலாம். அவ்வாறு பேசியிருந்தால் படைப்பின் ஆற்றல் குறைந்திராது. ஓர் ஓட்டில் கொரியோவின் நாரையும், அடுத்த ஓட்டில் ஜோசொனின் வெண்மையும், இரண்டும் அண்மையில் வெந்தவை என்பதும் பார்வையாளர்க்குப் புலனாகியிருக்கும். காலங்கள் பொய்யாக அடுக்கப்பட்ட கலம் இது என்னும் உண்மை, பொன்கோட்டைவிட ஆழமாகப் பதிந்திருக்கும்.

ஒன்பது நாகங்கள்

2017இல் நடைபெற்ற 57ஆம் வெனிஸ் ஈராண்டு விழாவில் வைக்கப்பட்ட படைப்பு, ‘விந்தை நாட்டில் ஒன்பது நாகங்கள்’ என்று பொருள்தரும் தலைப்புடையது. உயரம் ஏறத்தாழ 5 மீட்டர். கீழைப்பறநாகமாகிய திராகம் தீட்டிய வெண்பீங்கான் சாடிகள் ஜோசொன் அரசவையில் விழாச்சடங்குகளில் வைக்கப்பட்டவை. நீலத்திற்கு வேண்டிய கோபால்ட் சீனத்தின் வழியே அருமையாகக் கிடைத்ததால், அது கிட்டாத பதினேழாம் நூற்றாண்டில் இரும்புக் கனிமத்தால் பழுப்பு நிற நாகங்களைத் தீட்டினர். பற்றாக்குறையில் பிறந்த அப்பழுப்பு நாகங்கள் நீலநாகங்களைவிட உயிர்ப்புள்ளவை என்பது பலர் கருத்து. எம் கருத்தும் அதுவே.

வெனிஸ் படைப்பின் அளவு வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்துணை உயரம் ஒட்டுதலால் மட்டும் நிற்பதன்று. உள்ளே உலோகத் தாங்குகள் உண்டு. சிறிய படைப்புகளில் ஓடு ஓட்டைத் தாங்குகிறது. எது எதன்மேல் சாய்ந்துள்ளது என்பதைக் கண் தொடர்ந்து செல்ல முடிகிறது. ஒரு விளிம்பு மற்றொன்றைத் தேடிக் கண்டுபிடித்த உழைப்பு தெரிகிறது. ஐந்து மீட்டர்ப் படைப்பில் அவ்வுழைப்பு உள்ளே மறைந்து, ஓடுகள் மேற்பூச்சாகின்றன. மொழிபெயர்ப்பாளர்க்கு இது அறிமுகமான இடர். சொல்லுக்குச் சொல் போராடிய வரிகளைக் காட்டிலும், ஓசைநயத்திற்காகக் கட்டிய பெருவாக்கியமே கைதட்டல் பெறும்.

முழங்கை அளவேயான படைப்புகளில்தான் அக்குழப்பம் இல்லை. அத்தகைய ஒன்றின் படத்தை மொழிபெயர்ப்பு வகுப்பில் காட்டியபோது, மாணவி ஒருவர் நெடுநேரம் உற்றுநோக்கியபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதில் எந்த ஓட்டில் அந்தப் பிழை இருந்தது, ஐயா?” நாங்கள் அனைவரும் மீண்டும் பார்த்தோம். மெருகில் புள்ளியில்லை, கறையில்லை, வளைவில் கோணலுமில்லை. ஆசான் எதனைக் கண்டு சுத்தியலை ஓங்கினார் என்பது எந்த ஓட்டிலும் தெரியவில்லை.